வாடிப்பட்டிக் கடையும் ஒரு மொய்யும்

எம்புட்டுத் திட்டினாலும் சிரித்துக்கொண்டே நிற்கும் என் அண்ணனுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. காளவாசல் பாத்திரக்கடை நம் இரண்டு குடும்பத்துக்கும் சோறு போட்டுக்கொண்டுதானே இருந்தது? வாடிப்பட்டியில் இன்னொரு கடை உனக்கு எதற்கு?

அதற்குப் பணம் புரட்டத்தான் உன் மகள் காதுகுத்தை அவ்வளவு பெரிய மண்டபத்தில் வைத்தாய். விழுந்த மொய்யை எல்லாம் அட்வான்ஸாகவும் சரக்காகவும் வாடிப்பட்டியில் இறக்கினாய். அத்தனையும் நாளைக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டியது ஆச்சே என்றேன். "கடை ஓடும்டா, ஓடுற காசுல செஞ்சிருவோம்" என்றாய். திறந்த மூன்றாம் மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

போன மாதம் அரிசிக்கடைப் பாண்டி அண்ணன், மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். நம் பாப்பா காதுகுத்துக்கு நாற்பதாயிரம் மொய் செய்தவர். வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டே, "ஒங்கண்ணன் செல்வம் இருந்தா மொத ஆளா நிப்பான். நீ எப்பிடியோ தெரியலப்பா" என்றார். குரலில் கடுமையே இல்லை.

கையில் பத்தாயிரம்கூடக் கிடையாது. ஆளே போன பிறகு யார் கேட்கப் போகிறார்கள், போகாமல் இருந்துவிடலாம் என்று மதினியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்க அண்ணன ஊரே ஏமாத்துக்காரன்னு சொல்லட்டும். அப்பிடித்தான தம்பி?"

வாடிப்பட்டிக் கடையை மூடிவிட்டேன் அண்ணே. வாடகைப் பாக்கி போக அட்வான்ஸில் கொஞ்சம்தான் மிஞ்சியது. புத்தம்புதுப் பித்தளை அண்டாக்களை எடைக்குப் போட்டேன். நீ ஆசை ஆசையாய் மாட்டிய போர்டைக் கழற்றும்போது அழுதேன், உன்னைத் திட்டவும் திட்டினேன்.

கல்யாணம் பசுமலையில். மொய் எழுதுகிற மேசையில், நீ வாங்கியதற்கு மேல் ஐந்து சேர்த்து நாற்பத்தைந்தாயிரம் வைத்தேன். பெயர் கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டார். இறந்தவர் பெயரில் மொய் எழுதுகிற வழக்கம் இல்லை, உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"வாங்குனது அவரு. திருப்பிச் செய்யிறதும் அவருதான். எழுதுங்கண்ணே."

மேடைப் பக்கம் நின்ற பாண்டி அண்ணன் சத்தம் கேட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னார்கள். எழுதிக்கொள்ளச் சொன்னார்.

மைக்கில் வாசித்தார்கள்: "காளவாசல் பாத்திரக்கடை செல்வம், நாப்பத்தஞ்சாயிரம்." பந்திக்குப் போன சனம்கூடத் திரும்பிப் பார்த்தது. உனக்குக் கேட்டதா அண்ணே?

பாப்பா காதுகுத்து மொய் நோட்டில் இன்னும் நூறு பெயருக்கு மேல் பாக்கி இருக்கிறது. எந்த மண்டபமானாலும் உன் பெயரைத்தான் சொல்வேன், இது சத்தியம். கடைசி ஆளுக்கும் செய்து முடித்த பிறகுதான் உன்னைப் போக விடுவேன். அதுவரைக்கும் திட்டிக்கொண்டும் இருப்பேன்.

உன்னோடு சண்டை இன்னும் முடியாத,
உன் கூடப்பிறந்த தம்பி