கதிரையில் உங்கள் ஆள், மேசையில் அவர்கள் ஆள்

அண்ணை,

இன்று காலை, நான் இப்போது இருக்கும் நோபல் பார்க்கில், எங்கள் தெருவோரத்தில் யாரோ இருக்கை கிழிந்த பழைய கதிரையொன்றை எறிந்திருந்தார்கள். மழையில் நனைந்த பஞ்சும் பசையும் மணத்தன. அப்படியே நின்றுவிட்டேன். நாம் இருவரும் கதிரைகளுக்கு மெத்தை தைத்த பட்டறையின் மணம் அது.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். சொல்ல வந்ததை விட்டு வேறெங்கோ போய்விடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வந்த புதிதில் காலில் இடித்த கோபத்தில், "சனியன் பிடிச்ச கதிரை!" என்று கத்தினேன். ஊசியும் கையுமாகத் திரும்பினீர்கள். "கதிரையோ? எங்களுக்கும் அது கதிராதான்!" என்று உடைந்த ஆங்கிலத்தில் துள்ளினீர்கள்.

உங்கள் மொழி கட்டலான், ஸ்பானிஷ்காரரின் நாட்டுக்குள்ளேயே அவர்களோடு மல்லுக்கட்டும் சின்ன மொழி. எங்கள் சொல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போனது. இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்றீர்கள். சிலி நாட்டு மனேஜரின் ஸ்பானிஷில் அது சீயாவாம். பிறகு மேசையைத் தட்டிக் காட்டினீர்கள். மேசை என்றேன். உங்கள் முகம் சுருங்கிப்போனது. உங்களுக்கு அது தவுலா, மனேஜருக்குத்தான் மேசா.

"கதிரையிலை நீ எங்கட ஆள் தம்பி, மேசையிலை அவங்கட ஆள். உன்னை நம்பேலாது!"

'தம்பி' நான் சொல்லித்தந்த சொல். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் இதே விளையாட்டு. ரொட்டிக்கு நாங்கள் சொல்லும் பாணில் மட்டும் எல்லோரும் சொந்தம்: நீங்கள் பா, அவர்கள் பான்.

சோபா தூக்கி என் முதுகு போனபோது தைலம் தேய்த்துவிட்டதும் நீங்கள்தான். அப்போதும் விளையாட்டை விடவில்லை. "முதுகு எங்களுக்கு எஸ்கேனா, அவங்களுக்கு எஸ்பால்தா." நானோ தற்காலிக விசாக்காரன். முதுகு போனவனை யார் வேலைக்கு வைத்திருப்பார்கள்?

"அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றேன். நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தீர்கள்.

பிறகு வேலை குறைந்தது. நம் இருவரில் ஒருவருக்குத்தான் இடம் என்று கதை வந்தது. ஒரு மத்தியானம் நான் கதவருகே துணி வெட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் மனேஜரோடு அவருடைய மொழியில் பேசினீர்கள். வாயில் வைக்கவே பிடிக்காது என்று சொன்ன மொழி. என் பெயர் கேட்டது. பிறகு எஸ்பால்தா. நான் நிற்பது உங்களுக்குத் தெரியும், அண்ணை. இவனுக்கு என்ன விளங்கப்போகிறது என்று நினைத்தீர்கள். விளங்க வைத்ததே நீங்கள்தானே?

அந்த வெள்ளிக்கிழமை என்னை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். வாசலில் கட்டிப்பிடித்து அழுதீர்கள். "அவங்கள் மோசமான ஆக்கள், தம்பி."

"ஓம் அண்ணை" என்றேன். ஒருநாள் நேரே வந்து கேட்போம், கேட்போம் என்றிருந்தேன். போன மாதம் நீங்கள் செத்துப்போனதாகச் செய்தி வந்தது.

இப்போது வேறிடத்தில் வேலை. பின்னேரம் வீட்டுக்கு வந்து குனிந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், நிமிர முடிவதில்லை.

"இஞ்சாருங்கோ, முதுகு நோகுதோ?" என்று மனைவி கேட்கிறாள்.

அவளுக்கும், "ஒண்டுமில்லை" என்றுதான் சொல்கிறேன்.