கை தூக்கும் பழக்கம்

1983 பெப்ரவரி 12, சனி

மழை. கண்டி போகம்பறை மைதானம் முழுக்கச் சேறு. ஓடாத நாளில் எனக்குக் கோபம் வரும். சம்பலில் உறைப்புப் போதாது என்று அம்மாவிடம் சண்டை பிடித்தேன். பிறகு நானே மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

மத்தியானம் கொழும்பிலிருந்து பார்சல் வந்தது. நீல நிறத்தில் மேற்சட்டை, கணுக்கால் வரை களிசான். நெஞ்சிலும் முதுகிலும் வெள்ளை எழுத்தில் ஸ்ரீ லங்கா! போன மாதம் தேசியப் போட்டியில் நூறு மீற்றரை 12.1இல் ஓடி முதலாவதாக வந்தேன் அல்லவா, அதற்காகச் செப்டெம்பரில் மெட்ராஸில் நடக்கும் போட்டிக்குத் தெரிவு செய்திருக்கிறார்கள். இதுவரை நான் கடலைத் தாண்டியதில்லை. பாஸ்போட்டுக்குப் பிறப்புச் சான்றிதழும் பிரஜாவுரிமைப் பத்திரமும் மே முடிவதற்குள் அனுப்ப வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது.

அப்பாவிடம் கொடுத்தேன். முப்பது வருஷமாகப் புடைவைக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவர், பேச்சையும் அப்படியே விரிப்பார். இன்று கடிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "நான் பாத்துக்கிறேம்மா." அவ்வளவுதான்.

மார்ச் 3

அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பழகினேன். ஓட்டம் தொடங்கும் முன் ஒவ்வொருவருடைய பெயரையும் நாட்டையும் மைக்கில் சொல்வார்கள். சொல்லும்போது கையைத் தூக்க வேண்டும். மூன்றாவது லேன், மங்களேஸ்வரி சுந்தரலிங்கம், ஸ்ரீ லங்கா — தூக்கினேன். முழங்கை மடியக் கூடாது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி, கட்டுகஸ்தோட்டை பஸ்ஸ நிப்பாட்டுறியா?"

ஏப்ரல் 20

பத்திரங்கள் என்னவாயின என்று அப்பாவிடம் கேட்டேன். "அனுப்பியாச்சு" என்றார். என்றைக்கு? செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். பயிற்சியில் 12.0.

மே 22, ஞாயிறு

எழுத்துக் கோணலாப் போகுது. போகட்டும்.

அலுமாரியின் அடித்தட்டில், அம்மாவின் கூறைச் சேலைக்குக் கீழே, என் பிறப்புச் சான்றிதழ் கிடந்தது. அனுப்பியாச்சு என்றாரே, அதே சான்றிதழ். கூடவே ஒரு கறுப்புப் புத்தகம். உள்ளே எங்கள் மூன்று பேரின் படம், இரட்டைப் பின்னலோடு பதினாலு வயதில் நான். தீபாவளிக்கு எடுத்த படம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

இந்தியப் பாஸ்போட்.

நான் இந்தியாக்காரியாம். கண்டி ஆஸ்பத்திரியில பொறந்தவ இந்தியாக்காரியா? அங்க ஒரு தெருப் பேராவது எனக்குத் தெரியுமா?

இந்தியாவிலிருந்து வந்த வழி என்று எங்களுக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இருக்கவில்லையாம்; அறுபத்தொன்பதில், எனக்கு ஆறு வயதில், அப்பா இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தாராம். தோட்டத்து ஆட்கள், கடை ஆட்கள் எல்லாரும் இந்தியாவா இலங்கையா என்று விண்ணப்பப் பாரம் நிரப்பிய காலம். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் விசாவை நீட்டிக்கொண்டு, கடைசிவரை போகாமலே இருந்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

"அம்பத்தெட்டுக் கலவரத்துல தமிழாளுங்கள அடிச்சாங்கம்மா. மறுபடி அடிச்சா ஓடுறதுக்கு ஒரு எடம் வேணும்னு நெனச்சேன்."

"நான் ஓடுறதுக்கு எடம் வேணாமா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு உம்மு குல்சும் ஜன்னலைச் சாத்தினாள்.

மூன்று மாதமாகப் பொய் சொன்னாரே. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஜூன் 14

கொழும்பில் விளையாட்டுச் சங்கக் கந்தோருக்குப் போய் வந்தேன். அலுவலர் நல்ல மனிதர்தான். தேத்தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார், நீங்கள் இந்தியப் பிரஜை, இலங்கைக்கு ஓட முடியாது என்று. என் இடத்தில் இரண்டாவதாக வந்தவள் போவாள். என் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடியவள்.

உடுப்பைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டேன். நானே வைத்துக்கொள்ளலாமாம்.

ஜூலை 2

அப்பாவோடு பேச்சில்லை. அவர் பாட்டுக்கு, முன்பு போலவே, நான் பயிற்சிக்குக் கிளம்புமுன் இரண்டு அவித்த முட்டையை என் கோப்பையில் வைத்துவிடுகிறார். தின்கிறேன். முட்டைமேல் எனக்கென்ன கோபம்?

ஜூலை 29, வெள்ளி

உம்மு குல்சும் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன்.

செவ்வாய் பின்னேரம் மைதானத்தில் இருந்தேன். தூறலாக இருந்ததால் அந்த நீல உடுப்பைப் போட்டிருந்தேன். டவுன் பக்கம் புகை எழுந்தது; தமிழ்க் கடைகளுக்குத் தீ வைக்கிறார்கள் என்றார்கள். அப்பாவின் கடைக்கு ஓடினேன். கடை எரிந்துகொண்டிருந்தது. சுருள் சுருளாகச் சேலைகள் எரிய, அப்பாவைக் காணவில்லை. சுற்றிலும் தீ வைத்தவர்கள் நின்றார்கள். தமிழில் எப்படிக் கூப்பிடுவது?

அம்மா வீட்டில் தனியாக இருப்பாளே என்று கட்டுகஸ்தோட்டைக்கு ஓடினேன். மூன்று மைல். பாலத்துக்குக் கிட்டப் பொல்லுத் தடிகளோடு சிங்களக் கூட்டம், வாகனங்களை மறித்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பினால் சந்தேகப்படுவார்கள் என்று நேரே ஓடினேன். ஒருவன் என் நெஞ்சைப் பார்த்தான், எழுத்தை வாசித்தான். "அபே நங்கி!" என்று கத்தினான். எங்கள் தங்கச்சியாம். கூட்டம் விலகியது. "துவன்ன நங்கி, துவன்ன!" ஓடச் சொல்லிக் கை தட்டினார்கள்.

நான் ஓடினேன். ஐயோ, அந்தக் கைதட்டல். என் வாழ்க்கையில் அந்தச் சட்டையோடு நான் ஓடிய ஒரே போட்டி அதுதான். பேரைக் கேட்டிருந்தால்?

அம்மாவை உம்மு குல்சும் ஏற்கெனவே தன் வீட்டுக்குள் இழுத்திருந்தாள். எங்கள் வீட்டை உடைத்துவிட்டார்கள். அலுமாரிக் கண்ணாடி ரோட்டில் கிடந்தது. அம்மா எடுத்துக்கொண்டு வந்தது ஒன்றே ஒன்று, இடுப்பில் செருகிய அந்தக் கறுப்புப் புத்தகம்.

"வெளிய எட்டிப் பாக்க வாணாம் மகள்" என்று இரண்டு நாளும் உம்மு குல்சும் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். "ஒங்கட அப்பா வருவாரு. அல்லாஹ் ஈக்கான்."

நேற்று அவள் புருஷன் லாபிர் நானா அகதி முகாமில் அப்பாவைத் தேடிப் பிடித்து வான் வண்டியில் கூட்டிவந்தார். புருவம் கருகியிருந்தது. வாசலில் நின்று என்னைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். உள்ளே வரவில்லை.

"முட்டை எங்கப்பா?" என்று கேட்டேன்.

வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். நானும்தான்.

ஆகஸ்ட் 19

"போயிருவமா?" என்று அப்பா கேட்டார். முன்பு கேட்காமல் எழுதிக் கொடுத்தவர், இந்தத் தடவை கேட்கிறார். "ம்" என்றேன்.

செப்டெம்பர் 18

கலவரத்துக்குப் பிறகு மெட்ராஸ் போக முடியாது என்று இலங்கை அணியை நிறுத்திவிட்டார்களாம். இரண்டாவதாக வந்தவளும் போகவில்லை, யாருமே போகவில்லை. நான் மட்டும்தான் போகப் போகிறேன்.

1984 ஜனவரி 11

கண்டி ஸ்டேஷன். இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போகும் கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஏற வந்தவர்களும் ஏற்றிவிட வந்தவர்களும் கட்டிப்பிடித்து அழுததில் ரயில் கூவின சத்தமே கேட்கவில்லை. உம்மு குல்சும் ஒரு பார்சல் இடியப்பம் தந்தாள். நான் அழவில்லை. பேராதனைப் பாலம் தாண்டிய பிறகு அழுதேன்.

மார்ச் 25, ஞாயிறு

கோத்தகிரி. இங்கேயும் தேயிலை, இங்கேயும் மழை. அப்பா ஒரு ஜவுளிக் கடையில் மறுபடி சேலை விரிக்கிறார். ஜூலைக்குப் பிறகு நான் ஓடவே இல்லை. என்னைக் கேட்காமலே மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தார். "ஒனக்குப் புடிக்கலன்னா வேணாம்மா" என்றார், பேர் கொடுத்த பிறகு. இந்த மனிதரை என்ன செய்வது?

போனேன். என்னிடம் இருப்பது அந்த நீல உடுப்பு ஒன்றுதான்.

கோட்டில் நின்றோம். மைக்கில் ஒவ்வொருத்தியின் பேரையும் பள்ளிக்கூடத்தையும் சொல்லிக்கொண்டு வந்தவர் என் முறைக்குத் தடுமாறினார். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லையே. தாளைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார்.

"மூணாவது லேன்... சிலோன் பொண்ணு!"

யாரோ சிரித்தார்கள். முகம் சுட்டது. ஆனால் கை தானாக எழும்பிவிட்டது. முழங்கை மடியவில்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவுக்கும் அது கேட்டது. தலையைக் குனிந்துகொண்டார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கும் வரை நான் கையை இறக்கவில்லை.