பொய் முட்டையின் வெப்பநிலை

ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை, காலை 7.20. எண்ணிக்கை: பெண் கானமயில் ஒன்று, முட்டை ஒன்று. முட்டை நான் செய்தது.

அன்புள்ள டீச்சருக்கு,

நலம். உன் நலம் கேட்டு மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஒன்று கேஸ் சிலிண்டர் பற்றி, ஒன்று ஒழுகும் குழாய் பற்றி, ஒன்று உன் ஸ்கூட்டர் பேட்டரி பற்றி. அவை கடிதமில்லை, ரிப்போர்ட் என்று இப்போது எனக்கே தெரிகிறது. இங்கே சிக்னல் கிடைக்க நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடந்து போய்ப் பேசினாலும் உன் அக்காதான் எடுக்கிறார். "அவ தூங்கறா தம்பி" என்கிறார், பகல் பதினோரு மணிக்கு. அக்காவுக்குப் பொய் சொல்ல வராது.

அக்கா வீட்டுக்குப் போனதும் நீ அனுப்பிய ஒரே செய்தி இன்னும் போனில் இருக்கிறது. "வந்து சேந்துட்டேன். நீங்க சாப்பிட்டுக்கங்க." கோபம் வந்தால்தான் எனக்கு 'நீங்க' கிடைக்கும். 'டா' கேட்டு எழுபத்தொன்பது நாள் ஆகிறது.

இங்கே என் வேலையைச் சொல்கிறேன், அப்போதுதான் மற்றது புரியும். கானமயில் நம் இடுப்புயரம் இருக்கும். காலில் பின்விரல் கிடையாது, அதனால் கிளையைப் பிடிக்க முடியாது. பிறப்பு, தூக்கம், சாவு எல்லாம் தரையில்தான். கூடு என்று எதுவும் கட்டுவதில்லை. வெறும் தரையில் ஒரு பள்ளம், அதில் வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. அதையும் நரியும் நாயும் விட்டுவைப்பதில்லை. எனவே முட்டையை எடுத்து இன்குபேட்டரில் வைப்போம். தாய் இடத்தை விட்டுப் போகாமலிருக்க அதே எடையில், அதே புள்ளிகளோடு ஒரு பொய் முட்டையைப் பள்ளத்தில் வைப்போம். குஞ்சு ஓட்டைத் தட்டத் தொடங்கும் நாளில் நிஜ முட்டையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவோம். தாய்க்கு எதுவும் தெரியாது. இதுதான் திட்டம். பொய் முட்டைக்குள் வெப்பமானியும் டிரான்ஸ்மிட்டரும் பொருத்தியது நான். நிமிஷத்துக்கு ஒரு அளவு வரும்.

ஆண் பறவை மேட்டில் நின்று தொண்டைப் பையை ஊதி முழங்கும். முட்டையிட்ட பிறகு அந்தப் பக்கமே வராது. எங்கள் டிரைவருக்குப் பட்டப்பெயர் ஸ்டெப்னி. அவர் சொன்னார், "சவுண்டு மட்டும்தான் சார் அய்யாவோடது. டூட்டி பூரா அம்மாதான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பொதுவாகத்தான் சொன்னார். நான்தான் டீயைக் கொட்டிவிட்டு எழுந்தேன்.

ஜூலை 22-இல் முட்டையை மாற்றினேன். மூன்று வாரம் எல்லாம் சரியாக நடந்தது. ஓட்டுக்கு வெளியிலிருந்தே இதயத் துடிப்பை எண்ணும் கருவி ஒன்று உண்டு, தினமும் எண்ணுவேன். ஆகஸ்ட் 12 காலை அது பூஜ்யம் காட்டியது. கருவியை மாற்றிப் பார்த்தேன். பூஜ்யம். பறவை டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "போயிடுச்சு" என்றார். நான் இருபத்திரண்டு நாள் பதிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு தப்பு தேடினேன். வெப்பம் சரி, ஈரப்பதம் சரி, மின்சாரம் ஒரு நொடி போகவில்லை. டாக்டரம்மா கடைசியில் லேப்டாப்பை மூடினார். "சிலது நிக்கறதில்ல. யார் மேலயும் தப்பில்ல. விடுங்க சார்" என்றார்.

இதே வாக்கியத்தை ஆஸ்பத்திரியில் உன் டாக்டரும் சொன்னார். அன்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் உன்னிடம் மாத்திரை நேரம் கேட்டேன், படி ஏறினாயா என்று கேட்டேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாய். பதில் எல்லாமே சரியாக இருந்தது.

அடுத்த நாள் தலைமை அலுவலகம் பொய் முட்டையை உடனே எடுக்கச் சொன்னது. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. குஞ்சே இல்லாதபோது எதற்கு உட்கார வேண்டும்? ஐந்து நிமிஷ வேலை. காலையில் அது இரை தேடப் போன நேரம் பார்த்துப் போய் எடுத்தேன். முட்டை வெதுவெதுப்பாக இருந்தது. மறைவுக் கூடாரத்துக்குத் திரும்பினேன். தாய் வந்தது, பள்ளத்தைப் பார்த்தது. சுற்றி நான்கு அடி நடந்து தேடியது. பிறகு வெறும் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது. வெயில் ஏறியதும் இறக்கையை விரித்தது, இல்லாத முட்டைக்கு நிழல் தர.

உன்னைப் பறவையோடு ஒப்பிடுகிறேன் என்று நினைக்காதே. ஒப்பிட்டால் அக்கா செருப்பைத் தேடுவார். ஆனால் கூடாரத்துக்குள் என் கையில் அந்த முட்டை இருந்தது, எனக்கு நம் சின்ன அறைதான் தெரிந்தது.

நீ ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டாவது நாள் நான் அந்தத் தொட்டிலைக் கழற்றினேன். நானே மோட்டார் வைத்துச் செய்த தொட்டில். ஸ்க்ரூக்களை அளவு வாரியாகப் பிரித்து, டப்பாவில் போட்டு, லேபிள் ஒட்டினேன். மேஜையைப் பழைய இடத்துக்கு நகர்த்தினேன். நீ வந்து பார்த்தால் கஷ்டப்படுவாய் என்று. சத்தியமாக அதற்காகத்தான். நீ வந்தாய், டப்பாவைப் பார்த்தாய். "உன்னை யாரு கேட்டா?" என்றாய். தொட்டில் நின்ற இடத்தில் தரையில் உட்கார்ந்தாய். நான், "எழுந்திரு, தரை ஜில்லுன்னு இருக்கு. அடுத்ததுக்குப் புதுசா செஞ்சுக்கலாம்" என்றேன். ஐந்து நிமிஷ வேலை முடிந்த மாதிரி.

பொய் முட்டையை எடுத்த அன்று சாயங்காலமே, தாய்ப்பறவை மறுபடி இரைக்குப் போனபோது முட்டையைத் திரும்ப வைத்தேன். டாக்டரம்மா, "ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க?" என்றார். கருவி மறுபடி பொருத்தப்பட்டது என்றேன். "உங்க மெஷின், உங்க பாடு. நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

பிறகு ஆறு நாள் நான் எதையும் சரிசெய்யவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். இன்று காலை 6.10-க்குத் தாய் எழுந்தது. முட்டையை அலகால் ஒரு முறை புரட்டியது. நடந்து போனது. திரும்பிப் பார்த்ததா என்று கேட்காதே, புல் மறைத்துவிட்டது. திரையில் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வந்தது, ஐம்பது நிமிஷத்தில் தரையின் அளவுக்கு வந்துவிட்டது. ஸ்டெப்னி பைனாகுலரில் பார்த்து, "வெட்டுக்கிளி பிடிக்குது சார்" என்றார். என்னால் எழுத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை, அவரையே பதிவேட்டில் எழுதச் சொன்னேன்.

உன் மாணவர்களின் விடைத்தாளில் நீ சிவப்பு மையில் எழுதுவாயே, "விடை மட்டும் போதாது, வழிமுறை எங்கே?" என்று. நான் எப்போதும் நேராக விடைக்குத் தாவுகிறவன். இந்த முறை வழிமுறையை எழுதியிருக்கிறேன். தப்பு இருந்தால் சுழித்து இதே தாளைத் திருப்பி அனுப்பு. அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன். அக்காவுக்கும் சகலைக்கும் என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, இல்லை, தோன்றும்போது சாப்பிடு.

நீ முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பயந்துவிடுகிற,
உன்னுடையவன்.

செய்யப்போவது:

1. இன்று பொய் முட்டையை எடுத்து பேட்டரியைக் கழற்றுவேன்.

2. வியாழன் முதல் ஆறு நாள் லீவு. எழுதிக் கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா காரணம் கேட்கவில்லை.

3. அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி லாட்ஜில் தங்குவேன். நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் ஏழாம் நாள் சத்தமில்லாமல் திரும்பிவிடுவேன்.

4. ஸ்க்ரூ டப்பா என் பையில் இருக்கும். தொட்டிலை மறுபடி பூட்டுவதா, டப்பா அப்படியே இருப்பதா என்பதை நீ சொல்வாய். நான் கேட்க மாட்டேன்.

5. நீ நம் வீட்டுக்கு வரும் நாளில் அந்த அறையில், அதே இடத்தில் உட்காரத் தோன்றினால், நானும் பக்கத்தில் உட்காருவேன். எழுந்திரு என்று சொல்ல மாட்டேன்.