நனைந்த படிவம்

அன்புள்ள தோகிகோ,

குஷாரோ ஏரிக்கரையில் கூடாரம் போட்டு மூன்று நாளாகிறது. நீ இப்போது இருக்கும் உன் தங்கை வீடு இங்கிருந்து பத்து நிமிடம்தான். நாற்பது வருடம் நீ இங்கே கூப்பிட்டும் வராதவன், அறுபத்தொன்பது வயதில் மறுபடி மோட்டார் சைக்கிள் பழகி, தனியாக வந்திருக்கிறேன். நீ கையெழுத்திட்ட விவாகரத்துப் படிவத்தில் நானும் கையெழுத்திட்டுத் தபாலிலேயே அனுப்பியிருக்கலாம்.

இன்று காலை உன்னிடம் வரக் கிளம்பி, நின்ற இடத்திலேயே வண்டியைச் சாய்த்துவிட்டேன். பக்கத்துக் கூடாரத்துப் பெண் ஓடிவந்து தூக்கினாள். "வண்டிய நான் தூக்கிடுவேன் பெரியவரே. பொண்டாட்டி வீட்டுக் கதவையும் நானேதான் தட்டணுமா?" என்று சிரித்தாள்.

எனக்குத் தட்டத் துணிவில்லை. இந்தக் கடிதத்தை அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன்.

படிவம் மழையில் நனைந்து உன் கையெழுத்து கரைந்துவிட்டது. புதிய படிவம் தரும் நகராட்சி அலுவலகம் திங்கள்கிழமைதான் திறக்கும். அதுவரையாவது உன்னைப் பார்க்க வரலாமா? வேண்டாம் என்று உடனே சொல்லிவிடாதே.

மழை வரும் என்று தெரிந்தேதான் படிவத்தைக் கூடாரத்துக்கு வெளியே வைத்தேன்.

இன்னும் உன் கணவனாக இருப்பவன்