உங்கள் பூச்சில் பிழையில்லை

இஞ்சாருங்கோ,

நீங்கள் இருந்தபோது ஒரு நாளும் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இனிமேல் எதற்குப் பழக வேண்டும்? நீங்கள் போன பிறகு உங்கள் பெயரை ஊரே சொல்கிறது. நல்லதற்கு இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கொதிகலன் நின்றுவிட்டது. குப்பையை எரித்து, அந்தச் சூட்டில் கடல் தண்ணீரை ஆவியாக்கி, புங்குடுதீவின் இந்த மூலைக்கு நல்ல தண்ணீர் தந்தீர்களே, அதே கொதிகலன்தான். குழாய் ஓட்டையாகிப் போயிற்று. பழையபடி தண்ணீர் வண்டி, அந்தப் பவுசர், வரும்வரை வாளியோடு வெயிலில் நிற்கிறோம். என் முழங்கால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்தானே.

நேற்று அந்த வரிசையில் தண்ணீர்ச் சங்கத் தலைவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “வெளிநாட்டிலை உதே வேலைதான் செய்தனான் எண்டு புளுகினவர். அவர் குழாயளுக்கு அடிச்ச பூச்சு, ஆள் போய் ஒரு வருசம்கூட நிக்கேல்லை.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “செத்த மனிசனிலை பழியைப் போடாதையுங்கோ” என்றேன்.

“அப்ப ஆரிலை போடுறது, அக்கா?”

வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் ஒரு அடி முன்னே போனேன். எனக்குப் பதில் தெரியும்.

இரும்பு அரிக்காமல் இருக்க, நிக்கல் பொடியை உருக்கித் தெளிப்புத் துப்பாக்கியால் ஒவ்வொரு குழாய்க்கும் பூச்சு அடித்தீர்கள். முகமூடியைக் கழற்றிவிட்டு என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “இஞ்சை பாரும், பூச்சிலை கண்ணுக்குத் தெரியாத துளையள் இருக்கும். உப்புக் குப்பையை எரிச்சா குளோரின் வரும். அந்தச் சூட்டிலை அது துளைக்குள்ளாலை போய் அடியிலை இரும்பைத் தின்னும். மேலை வடிவாத்தான் கிடக்கும்.” அதனால்தான் கரையொதுங்கும் வலைகளையும் போத்தல்களையும் நல்ல தண்ணீரில் அலசியே அடுப்பில் போட்டீர்கள். குடிக்கவே வழியில்லாத ஊரில் குப்பைக்குக் குளிப்பாட்டா என்று எத்தனை பேர் சிரித்தார்கள்! நீங்கள் அசையவில்லை.

உங்களுக்குப் பிறகு கொதிகலனைப் பார்த்தவன் எங்கள் மகன் குமரன். ஒருநாள் அவனுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். வலைகளைக் கடலில் அலசிக்கொண்டு நின்றான்.

“என்னடா இது? அப்பா என்ன சொன்னவர்?”

“சனம் தண்ணிக்கு அடிபடுது, அம்மா. அதை எடுத்துக் குப்பைக்கு ஊத்த ஏலுமே? கடல்லை கழுவினாலும் ஊத்தை போகும்தானே.”

ஊத்தை போனது. உப்பு?

குழாயைக் கழற்றிய அன்று நானும் நின்றேன். பூச்சு மேலே நன்றாகத்தான் இருந்தது. குமரன் உளியால் தட்டியதும் புண்ணின் பொருக்குப் போல உரிந்து விழுந்தது. அடியில் இரும்பு கறுப்பு மாவாகக் கொட்டியது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்றுத் தலைவர் உங்களை ஏசியபோதும் பக்கத்தில்தான் நின்றான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

எனக்குத் தாங்க முடியவில்லை. உங்களுக்கு இனி யாரால் என்ன செய்ய ஏலும், அவன்தானே இந்த ஊரில் சீவிக்க வேண்டும் என்று மனத்தைத் தேற்றிப் பார்த்தேன். கேட்கவில்லை. நாற்பது வயதுப் பிள்ளைக்காக உங்களை இரண்டாம் தரம் சாகவிடுவதா? நீங்களே சொல்லுங்கள், ஒரு தாய் இதில் என்ன செய்வாள்?

முழங்காலைப் போலத்தான் இப்போது என் விரல்களும், எழுத ஏலாது. நான் சொல்லச் சொல்லக் கைபேசியில் அடிக்கிறவன் குமரன்தான். கடலில் அலசிய இடம் வந்ததும் அவன் விரல் நின்றுவிட்டது.

“அம்மா, இதையும் போடவோ?”

“உன்ரை விருப்பம்.”

எழும்பி வெளியே போனான். நெடுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தான். “சொல்லுங்கோ” என்றான்.

நாளைக்கு இதை அச்செடுத்து வாசிகசாலைப் பலகையில் ஒட்டுவோம். ஊர் ஏசும். தண்ணீரும் இப்போதைக்கு வராது. ஆனால் நான் அவன் பக்கத்திலேயே நிற்பேன். உங்களுக்குச் சத்தியம்.

உங்கடை மனிசி,
குமரனின் அம்மா