நூற்றுப் பதினேழு கிணறுகளைத் திரும்பக் குடித்துப் பார்த்தவர்

அன்பு மகள் ஜென்சிக்கு,

மொன்றியலில் நானும் அப்பாவும் சுகமாய் இருக்கிறோம், உன்னையும் மாதா அதே சுகத்தோடு வைத்திருக்க வேண்டுமென்று மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். கையில் போன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று சிரிப்பாய். போனில் நான் சொல்லி முடிக்க முதல் நீ குறுக்கே விழுவாய், நானும் கத்துவேன், போன ஞாயிறு நடந்ததே போதும். இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், தபாலை நம்பி இருக்க நேரமில்லை. எங்கள் ரொக்ஸ்பரோப் பக்கம் இன்னும் பனி கரையவில்லை. அப்பாவுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு நோவு, லீவு போடச் சொன்னால் கேட்கிறாரா? எனக்கோ ஞாயிற்றுக்கிழமையில் இருந்து நித்திரை இல்லை. அவுஸ்திரேலியாவில் அந்தச் சின்ன ஊருக்குக் குழாய்க் கிணற்றுத் தண்ணீர் நல்லதென்று நீ அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தாய். அது பிழை அம்மா, மழைக்காலத்தில் மட்டும் பார்த்துவிட்டேன், வறட்சியில் அதில் நஞ்சு ஏறுகிறது, இனித்தான் ஊருக்குத் திறக்கப்போகிறார்கள் என்று நீ அழுதாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு இரு, வேலையும் போகும் விசாவும் போகும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை நான் துப்புரவு செய்கிற நூலகத்தில் அங்கே வேலை செய்கிற பெண் ஒரு பழைய கையெழுத்துக் கொப்பியைக் கொண்டுவந்து, யோசெப்பின், இது உங்கள் மொழியா என்று கேட்டாள். பார்த்தால் ஆங்கிலத்துக்கு நடுவே தமிழ், அதுவும் எங்கள் மன்னார்ப் பக்கத்துக் கிணறுகளின் பெயர்கள்! கையைக்கூடத் துடைக்காமல் கதிரையில் இருந்துவிட்டேன். எழுதியவர் ஹென்ஷோ என்ற வெள்ளைக்காரர், உன்னைப் போலக் கல்லும் மண்ணும் படித்தவர், இதே மொன்றியலில் ஒரு தையற்காரரின் மகன். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் இருபத்தாறு வயதில் கப்பலேறி இலங்கைக்குப் போய், எங்கே நல்ல தண்ணீர் எங்கே உவர் என்று அரசாங்கத்துக்கு வரைபடம் கீறியிருக்கிறார். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு வாய் குடித்து ருசியை எழுதியிருக்கிறார், நூற்றுப் பதினேழு கிணறு! அவள் ஆங்கிலத்தை வாசிக்க நான் தமிழை வாசிக்க, சாப்பாட்டையே மறந்துபோனோம்.

ஆனால் துரை போனதெல்லாம் பின்னேரத்தில், தோட்டத்துக்கு இறைத்து முடிந்த பிறகு. எங்கள் கிணறுகளில் நல்ல தண்ணீர் மேலே, உப்புத் தண்ணீர் அடியில், விடிய இனிப்பது இறைக்க இறைக்க உவர்த்துவிடும். இவர் உவர் உவர் என்று எழுதிக்கொண்டே போக, குடிதண்ணீர் இல்லாத ஊர்களின் சனத்தை எழுப்பி வேறிடம் அனுப்பிவிடலாம் என்று மேலிடம் முடிவு செய்ய இருந்ததாம். கடைசியில் தண்ணீர் அள்ள வந்த ஒரு மனிசி, இறைச்ச கிணத்தில குடிச்சால் உவர்க்கும்தானே ஐயா, விடிய வந்து குடிச்சுப் பாருங்கோ என்றாவாம். வேறு துரை என்றால் அவவைத் துரத்தியிருப்பான். இவர் அவ்வளவு கிணற்றுக்கும் திரும்ப நடந்து விடிய விடியக் குடித்துப் பார்த்தார், நாலு மாதம்! பிறகு என் வரைபடம் பிழை, அச்சடிக்க வேண்டாம், குற்றம் என்னுடையது என்று கொழும்புக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் பிரதி கொப்பிக்குள் இருந்தது, கண்ணால் கண்டேன். அதனாலேயே அவருக்கு வரவிருந்த பதவி போனது, ஆபிரிக்காவுக்கு மாற்றினார்கள், அங்கே காய்ச்சலில் கிடந்து காது கேளாத மனிசனாய் இங்கே திரும்பினார். கொப்பியில் ஒரு கிணற்றின் பக்கத்தில் உவரை வெட்டி இனிப்பு என்று எழுதியிருந்தது. கல்யாணம் முடிக்கும்வரை நான் குடித்து வளர்ந்த கிணறு, பிள்ளை. அந்த மனிசன் வாயைப் பொத்தியிருந்தால் எங்கள் ஊரே இருந்திராது.

நான் ஞாயிற்றுக்கிழமை சொன்னது பிழை. குற்றம் என்னுடையது. விசா போனால் வா, உன் அறையில் இருக்கிற அப்பாவின் சாமான்களை எடுத்துவிடுகிறேன், அவரும் ஓம் என்றுவிட்டார். வெயிலில் தொப்பி போடாமல் திரியாதே. மாதா உன் கையைத் திடப்படுத்தட்டும். எனக்குப் பதிலைப் பிறகு ஆறுதலாய் எழுதலாம், முதலில் அந்த ஊர்ச் சனத்துக்கு எழுது, அவர்கள் குடிக்க முதல்.

உன்னை நினைத்துப் பெருமைப்படக் காத்திருக்கிற அம்மா,
யோசெப்பின்