காலித் தொட்டில்

மார்ச் 3

காலை ஏழிலிருந்து நின்றபடியே. நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் எல்தியாருக்கு எட்டு மாதம். தரையில் விட்டால் கதவிடுக்கில் விரலை வைப்பான். வேலைக்குக் கிளம்பிய அவன் அம்மா மகபத் அக்காவிடம் கேட்டேன், மதியம் அரை மணி உட்காரலாமா என்று.

"எம் புள்ள தூங்குனா நீயும் உட்காரு. யாரு வேணாம்னா?"

அவன் தூங்குவதில்லை.

மார்ச் 4

தேநீர் மூன்று முறை ஆறியது.

மார்ச் 9

ஏதோ நினைவில் காலித் தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ஓடிவந்து அறைந்தாள். "வெறுந் தொட்டில ஆட்டுனா அதுல படுக்குற புள்ள தங்காதுன்னு தெரியாது? படிச்சவளாம்! பிஷ்கெக்ல பெரிய படிப்பு!"

தெரியும். அம்மாவும் சொல்வாள். ஆனால் அடித்தது—

மார்ச் 10

அவனைத் தொட்டிலில் கிடத்தி, கைகளை உடலோடு சேர்த்து நாடாவால் கட்டினேன். எங்கள் ஊரில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் தூங்கும். மேலே கனத்த துணி. இருபது நிமிடம் அழுதான். தூங்கினான்.

உட்கார்ந்தேன். பாதங்கள் என்னுடையவைதாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மார்ச் 17

விழித்த பிறகும் அவிழ்க்கவில்லை. ஒரு மணி நேரம். துணிக்குள் சிறு இருமல். நான் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன்.

மார்ச் 26

நான்கு மணி நேரம். அறவியலில் வகுப்பிலேயே நான்தான் முதல்.

மார்ச் 28

இன்று கட்டவில்லை. மாலையில் மாடிப்படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். நாளைக்குக் கட்டுவேன். கட்டாமல் என்ன செய்ய? சொல்லு, என்ன செய்ய?

ஏப்ரல் 2

அக்கா அவனைத் தூக்கிக் கொஞ்சினாள். "பாரேன், அழுகைங்கிறதே இல்ல! பெர்மெத், உன் கை ராசியான கைடி."

கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 6

"இவன்தான் தொந்தரவே இல்லையே. திங்கக்கிழமையில இருந்து என் தங்கச்சி மகளையும் நீயே பாத்துக்க."

"எனக்கு உட்கார நேரம் வேணும்க்கா."

"அடியே, நீ எப்ப நின்ன?"

ஏப்ரல் 9

அந்தக் குழந்தை நாளை வருகிறது. தொட்டில் இன்றே வந்துவிட்டது.

எல்தியாரை அவன் தொட்டிலில் கிடத்தினேன். நான் நாடாவை எடுக்குமுன் அவனே இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டான். என்னையே பார்த்தான். நாடாவைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

தேநீர் சூடாக இருந்தது. புதுத் தொட்டில் கால் எட்டும் தூரத்தில். வெறுமையாக.

ஆட்டினேன். தேநீர்க் கிண்ணம் காலியாகும்வரை.